மாலை போட்ட ஜாடிகள்

“கொன்னுட்டியே! கூடப் பொறந்த அண்ணனையே கொன்னுட்டியேடா பாவி! வேணாம் வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?”

“மதினி, சத்தியமாச் சொல்றேன். நான் இன்னைக்கு மெசினத் தொடவே இல்ல.”

“தொடாத மெசினு எப்படிடா ஓடும்? சாமி எறங்கி வந்து ஓட்டுச்சா?”

“விடுக்கா. அவன் தொட்டானோ தொடலையோ, மச்சான் தொட்டாக. நான் என் கண்ணால பாத்தேன். நீலமாப் பொறி…” என்று ஆரம்பித்த கர்ணனை இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, நெஞ்சைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய இருமினான். கூடியிருந்த பெண்கள் “அக்கா புருசன் மேல எம்புட்டுப் பாசம், அழுது அழுது தொண்டையே கட்டிருச்சு பாரு” என்று உச்சுக் கொட்டினார்கள்.

1938ஆம் வருஷத்து ஆயுத பூஜை. மாலை நாலரை மணி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி மொக்கைச்சாமியின் வீட்டுக் கொல்லைப்புறம்.

கூட்டத்தின் முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் டீச்சர் நின்றிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்தத் தெருவில் நடந்த எந்தச் சாவுக்கும் சண்டைக்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட அவள் நேரம் கொடுத்ததும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. புருஷன் போய்ப் பத்து வருஷம். மீதி வாழ்க்கையை அண்டை அயலாரின் நலனுக்கென்றே ஒதுக்கியிருந்தாள். எவர் வீட்டில் என்ன குழம்பு, எந்தச் சம்பந்தம் முறிந்தது என்பதை அந்தந்த வீட்டார் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உண்டு.



தகரக் கொட்டகைக்குள் மொக்கைச்சாமி மல்லாந்து கிடந்தார். காலையில் பூஜைக்குக் கட்டிய புது வேட்டி. கண்கள் சிவந்து திறந்திருந்தன. உதட்டோரம் நுரை. வலது கை நீண்டு, மேசையின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. காதில் செருகிய பூ மட்டும் கீழே விழாமல் இருந்தது. வாடிப்போன, சந்தன நிறத்து அரளிப்பூ.

மேசையின்மேல் இருந்ததுதான் அந்தத் தெருவே பயந்த சாமான். மொக்கைச்சாமியின் தம்பி குருசாமி மதுரையில் படிக்கப் போய், பரீட்சையைக் கோட்டைவிட்டு, அதற்குப் பதிலாக வீட்டுக்குக் கொண்டுவந்த பித்து. ஒரு லாரி பாட்டரி. பழைய மோட்டார் காரில் கழற்றிய ‘காயில்’ என்னும் கம்பிச்சுருள். வரிசையாக ஆறு மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடிகள். மேகமலை எஸ்டேட் டீப்பெட்டிகளில் உரித்த ஈயத்தாளை அவற்றின் உள்ளும் புறமும் பாதி உயரத்துக்கு ஒட்டியிருந்தான். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒரு கம்பி, கம்பியின் தலையில் பித்தளை உருண்டை. சுவிட்சைப் போட்டால் காயில் வண்டுபோல் இரையும். ஜாடிகளில் மின்சாரம் தேங்கும். நிரம்பியதும் தனியே நிறுத்திய இரண்டு உருண்டைகளுக்கு நடுவே ‘டப்’ என்று நீலப் பொறி பாயும். மறுபடி இரைச்சல். மறுபடி டப்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் இந்தக் கச்சேரி. ஞானபாக்கியம் இரண்டு முறை முனிசிபாலிட்டிக்கு மனு எழுதியிருக்கிறாள். மழை நாளில் மட்டும் அவள் காதுக்கு ஓய்வு. “ஈரக் காத்துல ஜாடி நிக்காது டீச்சர், சேர்றதெல்லாம் கண்ணாடி மேலேயே வழிஞ்சு போயிரும்” என்று குருசாமி ஒரு மழை நாளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விளக்கியிருக்கிறான். அன்றிலிருந்து அவள் ஜெபத்தில் மழைக்கும் ஓர் இடம் உண்டு.

இன்று மழையில்லை. மேசைமேல் எல்லாம் பூஜைக் கோலத்தில் இருந்தது. பாட்டரிக்குச் சந்தனம், குங்குமம். காயிலுக்கு விபூதிப் பட்டை. ஆறு ஜாடிகளுக்கும் கழுத்து நிறையச் சந்தனம், ஆளுக்கொரு செவ்வரளி மாலை. வாழைநாரில் நெருக்கிக் கட்டித் தண்ணீர் தெளித்த மாலைகள், பித்தளை உருண்டையில் தொடங்கி ஈயத்தாளைத் தாண்டி மேசைவரை தொங்கின. ரத்தச் சிவப்பாக, இன்னும் ஈரமாக.

மாலை ஐந்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஆதித்தன் வந்தார். பின்னால் ஏட்டு ராக்கையா. ஏட்டு கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார்; கேட்டதற்கு, காவல் பார்ப்பதாகச் சொன்னார்.

“யாரு முதல்ல பாத்தது?”

“நாந்தாங்கய்யா. கர்ணன். ராமுத்தாய்க்குத் தம்பி. ஏலக்கா மூட்டை அடுக்குற கிட்டங்கியப் பாத்துக்கிறவன்.”

“என்ன பாத்தே?”

“நாலு மணி இருக்கும். மெசினு இரையுற சத்தம் கேட்டுச்சு. ஆயுத பூஜையும் அதுவுமா யாரு ஓட்டுறதுன்னு வந்தேன். மச்சான் அந்த உருண்டையத் தொட்டாக. டப்புன்னு நீலமா ஒரு பொறி. அப்படியே…” இருமல். “…அப்படியே சாஞ்சுட்டாக.”

“சுவிட்சை யாரு போட்டது?”

“எனக்கெப்படித் தெரியும்? ஓட்டத் தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல ஒருத்தன்தான்.”

ஆதித்தன் குருசாமி பக்கம் திரும்பினார்.

“நாலு மணிக்கு எங்க இருந்தே?”

“மாடியில படுத்திருந்தேன் சார்.”

“யாரு பாத்தாக?”

“தூங்குறவன யாரு சார் பாப்பாக?”

“போன வாரம் உனக்கும் உங்க அண்ணனுக்கும் என்ன சண்டை?”

குருசாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மொக்கைச்சாமியின் மனைவி ராமுத்தாய்தான் பதில் சொன்னாள். “உத்தமபாளையத்துல பொண்ணு நிச்சயம் பண்ணிருக்கு. சொர்ணலதான்னு பேரு. பொண்ணோட அப்பா இந்தக் கண்றாவிய வந்து பாத்துட்டு, இதத் தூக்கிப் போட்டாத்தான் கலியாணம்னுட்டாரு. தீபாவளிக்குள்ள எல்லாத்தையும் கிணத்துல போடுவேன்னு இவுக சொன்னாக. இவன் ‘என்னைக் கொன்னுட்டுப் போடு’ன்னு கத்துனான். தெருவே கேட்டுச்சு.”

தெரு தலையை ஆட்டியது. கேட்காதவர்களும் ஆட்டினார்கள்.

“தெரிஞ்சே மெசின ஓடவிட்டு, அண்ணன் கைபட்டுச் சாகட்டும்னு மாடிக்குப் போயிட்டே. இது கொலை. தூக்குல கொண்டுபோய் நிறுத்திரும், தெரியுமா? ராக்கையா, விலங்கு.”

குருசாமி கையை நீட்டினான். இருபத்து மூன்று வயது. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விலங்கு பூட்டியது அவனுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

ஞானபாக்கியத்துக்கு ஏதோ உறுத்தியது. நாலு மணி வாக்கில் சன்னலோரம் படுத்திருந்தபோது வண்டு இரைச்சல் அவள் காதிலும் விழுந்தது. பண்டிகை நாளிலுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போகிற தும்மலுக்குக் காத்திருப்பதுபோல் அந்த ‘டப்’புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அடுத்துக் கேட்டது கர்ணனின் கூப்பாடுதான்.

“எஸ்ஐ சார், ஒரு நிமிஷம்.”

“டீச்சரம்மா! நீங்க இங்கன எப்படி?”

“சுவரேறி வரலை, வாசல் வழியாத்தான் வந்தேன். இந்தப் பையனோட விலங்கை அவுத்துவிட்டு, மெசின ஒரு தடவ ஓட்டச் சொல்லுங்க. மாலையெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“விளையாடுறீகளா? ஒரு பொணம் போதாதா?”

“உங்க மக பின்னக் கணக்குல வாங்குன மார்க்க இத்தனை பேருக்கு முன்னாடி நான் சொல்லலையே, அந்த மரியாதைக்காக ஓட்டச் சொல்லுங்க.”

விலங்கு கழன்றது. அண்ணனைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தாழ்வாரத்தில் கிடத்தியபிறகு குருசாமி சுவிட்சைப் போட்டான். வண்டு இரைந்தது. கூட்டம் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. ராக்கையா வாசலிலிருந்து கிணற்றடிக்குக் காவலை மாற்றினார்.

டப் வரவில்லை. இரைச்சல் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

“நிறுத்துப்பா” என்றாள் ஞானபாக்கியம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையிடம் போனாள். பிறகு செய்ததை அந்தத் தெரு வெகுகாலம் பேசியது. மொக்கைச்சாமியைக் கொன்றதாகச் சொன்ன அதே ஜாடியின் உருண்டையை வெறுங்கையால் பற்றினாள்.

“ஐயோ டீச்சர்!” என்று அலறியது ராமுத்தாய். ஒரு பெண் மயங்கியே விழுந்தாள்.

ஞானபாக்கியம் விழவில்லை. முழுதாக நின்றாள். “கொஞ்சம் சில்லுனு இருக்கு. அவ்வளவுதான்” என்றாள். குரல் நடுங்கியது வேறு விஷயம். முக்கால் பங்கு நிச்சயமாகத் தெரிந்துதான் தொட்டாள். மீதிக் கால் பங்கை இயேசுவிடம் ஒப்படைத்திருந்தாள்.

“இப்ப மாலைய எடுத்துட்டு ஓட்டுப்பா.”

“எடுக்கப்படாது!” என்று கத்தினான் கர்ணன். “நாளைக்கு மறுபூசை ஆகாம சாமிக்குப் போட்ட மாலையில கை வைக்கப்படாது! குடும்பத்துக்கு ஆகாது!”

கூட்டத்தில் பலருக்கும் அதே எண்ணந்தான். ஆதித்தனே தயங்கினார். குருசாமி கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒவ்வொரு மாலையாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். ஜாடிக் கழுத்துச் சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைத்தான். சுவிட்சைப் போட்டான்.

இரைச்சல். அப்புறம் ‘டப்!’

துப்பாக்கி வெடித்ததுபோல் இருந்தது. நீல வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரு கணம் பிணக்களையாகத் தெரிந்தது. ராமுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஈர மாலை, சார்” என்றான் குருசாமி. அவனுக்கே அப்போதுதான் விளங்கியதுபோல் வார்த்தை திக்கித் திக்கி வந்தது. “உருண்டையில இருந்து வெளித்தாள் வரைக்கும் ஈர நாரு. சேர்ற மின்சாரம் அது வழியாவே எறங்கிப் போயிரும். ஜாடி காலியாத்தான் இருக்கும். இந்த மாலையோட இது ஒரு எலியக்கூடக் கொல்லாது.”

“பொறி பறந்துச்சுன்னியே?” என்று ஆதித்தன் கர்ணனைப் பார்த்தார்.

“பதட்டத்துல… சரியாப் பாக்கலையோ என்னமோ…” இருமல்.

“சரி, டீச்சரம்மா. மெசினு கொல்லல. அப்ப மனுசன் எப்படிச் செத்தாரு?”

ஞானபாக்கியம் ராமுத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஏம்மா, காலையில பூசை முடிஞ்சதும் அவுக காதுல பூ வச்சியே, என்ன பூ?”

“செவ்வரளி. இந்த மாலைக்கு வாங்குன பூவுலதான் எடுத்து வச்சேன்.”

“வேற நெறத்துல அரளி வாங்குனியா?”

“இல்லையே. எல்லாமே சிவப்புத்தான்.”

“நானும் பாத்தேன். சிவப்பு வச்சுத்தான் வெளிய வந்தாக.” எங்கிருந்து பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. “இப்பப் போய் அந்தப் பூவப் பாரு.”

தாழ்வாரத்தில் கிடந்தவரின் காதில் சந்தன நிறத்துப் பூ. தாம்பாளத்தில் அதே கூடைப் பூக்கள் சிவப்பாக இருந்தன.

“அரளி வாடினா கருக்கும், இப்படி வெளுக்காது” என்றாள் ஞானபாக்கியம். “இந்தக் கொல்லையில எதையும் வெளுக்க வைக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

எல்லார் கண்ணும் கொட்டகைக்குப் பக்கத்துச் சின்னஞ்சிறு கல் அறைமேல் போயிற்று. புகையறை. சன்னல் கிடையாது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் இரும்புச் சட்டியில் கந்தகத்தை எரிய வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தப் புகையில் பழுப்பேறிய காய்கூட வெளுத்துப் புதுச்சரக்கு மாதிரி ஆகிவிடும். போடியில் எந்த மூக்குக்கும் அந்த வாடை புதிதல்ல. அதனால்தான் அன்று அது அடித்ததை எந்த மூக்கும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஆனா இன்னைக்கு ஆயுத பூசை” என்றாள் ஞானபாக்கியம். “தொழில் சட்டி எதுவும் எரியப்படாத நாளு.”

ஆதித்தன் தாழ்ப்பாளை விலக்கி, தலையை உள்ளே நீட்டினார். கந்தகச் சட்டிக்கும் காலையில் பூஜையில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டு கருகியிருந்தது. சட்டி இன்னும் சுட்டது. பரண் தட்டில் விரல் நகங்கள் கீறிய புதுத் தடம். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. வெளியே பாய்ந்து வந்து, குனிந்து, நெஞ்சைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய இருமினார்.

அந்த இருமலைக் கூட்டம் ஏற்கெனவே கேட்டிருந்தது. நாலரை மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முகமாகக் கர்ணன் பக்கம் திரும்பியது. அவன் வந்த இருமலை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

“அவுகளத் தூக்கிட்டு வர உள்ள போயிருக்கே” என்றாள் ஞானபாக்கியம். “புகை முழுசா அடங்குறதுக்கு முன்னாடியே போயிருக்கே. அக்கா புருசன் மேல பாசம்னு இவுக சொன்னாக. பாசத்துக்கு இருமல் வராதுப்பா.”

“காரணம்?” என்றார் ஆதித்தன், மூச்சு வாங்க.

“காலையில பூசையப்ப கிட்டங்கிச் சாவிய யாரு சாமிகிட்ட வச்சா, கேளுங்க. வருசா வருசம் கர்ணன்தான் வைப்பாரு. இன்னைக்கு மொக்கைச்சாமி அண்ணாச்சி குருசாமி கையில குடுத்து வைக்கச் சொன்னாக. கர்ணன் முகம் செத்துப்போச்சு.”

கர்ணன் தரையில் குந்தினான். “பழசப் புகை போட்டுப் புதுசுல கலக்குறேன்னு கண்டுபிடிச்சிட்டாக” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். “பூசையோட நீ வேணாம், ஊருக்குப் போன்னு நேத்தே சொல்லிட்டாக. இன்னைக்கு, எங்கன வச்சிருக்கே காட்டுன்னாக. பரணுக்கு அடியில மூட்டை இருக்குன்னேன். உள்ள போனாக. சட்டியப் பத்தவச்சு உள்ள தள்ளிட்டுத் தாழ்ப்பாளப் போட்டுட்டேன். கோயில்ல மேளம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டுனது யாருக்கும் கேக்கல.” பிறகு ஏதோ நியாயம் கேட்பதுபோல் தலை நிமிர்ந்தான். “அவரு போயி, இவனும் ஜெயிலுக்குப் போயிட்டா, அக்காதான மிச்சம்? அக்காவுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?”

“சுவிட்சப் போடுறதுக்கு முன்னாடி மாலைய எடுத்திருந்தா நீ தப்பிச்சிருப்பே” என்றாள் ஞானபாக்கியம். “எல்லாப் பழியும் இந்தப் பையன் மேலதான் விழுந்திருக்கும். ஒரு ஆளப் பூட்டிவச்சுக் கொல்ல முடிஞ்ச உனக்கு, சாமிக்குப் போட்ட மாலையத் தொடக் கை வரலை.”

ராமுத்தாய் எழுந்து வந்தாள். தம்பியை அடிக்கப்போகிறாள் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் அடிக்கவில்லை. அவன் முன்னால் நின்று, கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரலில் சொன்னாள்:

“ஏலே, உன்னைய அனுப்ப வேணாம்னு நேத்து ராத்திரி அவுக கால்ல விழுந்தேன்டா. சரி, தீபாவளி வரைக்கும் இருக்கட்டும்னாக. பூசை முடிஞ்சதும் உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்.”

கர்ணன் வாயைத் திறந்தான். இருமல்கூட வரவில்லை.

குருசாமியின் கையிலிருந்து கழன்ற விலங்கை ராக்கையா கர்ணனுக்குப் பூட்டினார். நுரையீரல் புகையில் வெந்திருந்ததாக ஆஸ்பத்திரி டாக்டர் மறுநாள் எழுதிக்கொடுத்தார். மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் கர்ணனுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. அவனைத் தூக்கில் போடவில்லையே என்று தெருவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

சொர்ணலதாவின் அப்பா, பொறி பறக்கிற வீடும் பிணம் விழுந்த வீடும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பெண் கொடுப்பதில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார். சின்னமனூரில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்தார். அந்த மாப்பிள்ளையிடம் சொர்ணலதா நேராகவே பேசினாளாம். என்ன பேசினாள் என்பது ஞானபாக்கியத்துக்கே தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் தெரியாமல் போன விஷயங்களில் அது ஒன்று. சின்னமனூர்க்காரர் தாமாகவே விலகிக்கொண்டார். மொக்கைச்சாமியின் வருஷத் திதி முடிந்த அடுத்த தை மாதத்தில் குருசாமிக்கும் சொர்ணலதாவுக்கும் கோயிலில் வைத்து, மேளம் இல்லாமல், கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பா வரவில்லை. அம்மா வந்தாள்.

கிட்டங்கியைக் கம்பத்து வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். குருசாமி மதுரையில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைக்கக் கிளம்பினான்.

ராமுத்தாய் என்ன செய்வாள் என்பதுதான் கடைசிவரை தெருவின் பேச்சு. கெங்குவார்பட்டியில் அப்பன் வீடு இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இவளையும் கர்ணனையும் பெற்றவள் இருந்தாள். மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள் இவளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வீட்டில் போய் உட்காரலாம் என்றால், அவனைக் கொலைகாரன் என்று ஊர் கூட்டிக் கத்திய வாய் இவளுடையது. அவன் கிளம்பிய அன்று பஸ் நிற்கிற இடத்துக்குத் தன் தகரப்பெட்டியோடு வந்துவிட்டு, எங்கே போகிறாள் என்று கேட்டவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

அப்பன் வீட்டுக்குப் போக ஏற வேண்டிய பெரியகுளம் பஸ் முதலில் வந்தது. அவள் நகரவில்லை. அடுத்து மதுரை பஸ் வந்தது. குருசாமி அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் தகரப்பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் கூரையில் தன் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினான். “ஏறுங்க மதினி” என்றான்.

ராமுத்தாய் ஏறினாள். சொர்ணலதாவைச் சன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு, தான் ஓரத்தில் உட்கார்ந்தாள்.